உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையப் பணி, வால்பாறை

வால்பாறையில் நீரார் அணைப் பகுதியில் இயங்கும் உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஆராய்ச்சியையும் ஆலோசனையையும் சேர்த்தே செய்கிறது. தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் 1893இல் அமைத்த உபாசி சங்கம், 1926இல் கூடலூர் அருகே தேவர்சோலையில் தேயிலைச் சோதனை நிலையத்தைத் தொடங்கியது. அப்பணி பின்னர் வால்பாறை அமைந்துள்ள ஆனைமலைக்கு வந்தது. செலவைத் தோட்டங்கள் ஏற்றன. கேள்விகளும் தோட்டங்களிலிருந்தே வந்தன. இங்கு வேலை பார்ப்பதன் நன்மைக்கும் குறைக்கும் காரணம் இதுதான்.

1946இல் தென்னிந்தியாவில் தோன்றிய கொப்புள நோய் நன்மைக்குச் சான்று. மழைக்கால ஈரத்தில் இளம் இலையில் ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தொடங்கி, அடிப்புறத்தில் வெண்கொப்புளமாகப் புடைக்கும் பூஞ்சண நோய் இது. பறிப்பதே கொழுந்து என்பதால் விளைச்சலை நேராகத் தாக்கியது. செம்பு கலந்த மருந்து கேட்கும் என்று சொன்னால் தோட்டத்துக்குப் போதாது. எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை, பறிப்புக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் தெரிய வேண்டும். தன் விடை சரியா என்பதை ஆய்வாளர் அதே மழைக்காலத்தில் செடியிலேயே பார்த்துவிடலாம். இந்த வாய்ப்பு பல்கலைக்கழகத்தில் அரிது. வறட்சி தாங்கும் உபாசி-9 ரகம் ஒட்டுக்கட்டுவதற்கான வேர்ச்செடியாகவும் பயன்பட்டது; தோட்டத்தின் தேவையிலிருந்து பிறந்த ஆராய்ச்சிக்கு அதுவும் எடுத்துக்காட்டு.

மண் மாதிரி, இலை மாதிரி பார்ப்பதிலேயே நாள் போய்விடுகிறது, ஆய்வுக் கட்டுரை எழுத நேரமில்லை என்பது வழக்கமான மறுப்பு. நேரம் குறைவது உண்மை. ஆனால் ஆண்டுதோறும் தோட்டந்தோட்டமாக வரும் மாதிரிகளே ஆய்வுக்கான மூலப்பொருள். வெளியில் இருப்பவருக்கு அவை கிடைப்பதில்லை. உண்மையான குறை வேறு. சந்தா கட்டும் தோட்டத்தின் விளைச்சல் பற்றிய கேள்வி முதலில் நிற்கும். நோய்க்கான மருந்தை முதுகில் சுமந்து தெளிக்கும் தொழிலாளியின் உடல்நலம் பற்றிய கேள்வி பின்னுக்குப் போகக்கூடும். அதைக் கேட்கும் உரிமை ஆய்வாளருக்கு எழுத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் பெரிய மருத்துவத்துக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் பொள்ளாச்சியோ கோவையோ போக வேண்டியிருப்பதும் சிறிய சுமையல்ல.

நிலையத்துக்குக் குன்னூர், கூடலூர், மூணாறு, வண்டிப்பெரியாறு, மேப்பாடி ஆகிய இடங்களில் ஆலோசனை மையங்கள் உண்டு. ஆனால் தோட்டங்களின் சந்தாவைச் சார்ந்திருப்பதால், தேயிலை விலை சரியும் ஆண்டுகளில் நிலையத்தின் வரவும் சுருங்குகிறது.