நீரிழிவும் நம் உணவும்

எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கண்டே நம் முன்னோர் நீரிழிவை அறிந்தனர். அதற்கு மதுமேகம் எனப் பெயரிட்ட ஆயுர்வேத நூலோர், உடல் பருத்த நோயாளர்க்கு உணவுக் குறைப்பையும் நெடுநடையையும் விதித்தனர்.

மேனாட்டிலோ அக்கட்டுப்பாடு பட்டினியாக முடிந்தது. இன்சுலின் வருமுன், நியூயார்க்கில் ஆலன் என்னும் மருத்துவர் நோயாளரை அரைப்பட்டினியில் வைத்தே அவர்தம் வாழ்நாளை நீட்டினார். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்ற 14 வயதுச் சிறுவன் லெனார்டு தாம்சனின் எடை ஏறத்தாழ 30 கிலோதான். இன்சுலின் அவனைச் சாவினின்று மீட்டது. ஆயினும் உணவில் அளவு வேண்டும் என்ற விதியை அது மாற்றவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன், நம்மவர் உண்ணும் தானியம், பருப்பு, காய்கறிகளைக் கொண்டே நார்ச்சத்து மிகுந்த உணவுமுறையைப் பின்னாளில் ஆராய்ந்தார்.

விஜயபுரம், சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் குடியேறி வாழும் நமக்கும் இவ்வரலாறு பயன்படும். இங்கே கேழ்வரகுச் சங்கடி அன்றாட உணவு. தீட்டிய அரிசியைவிட அதில் நார் மிகுதி. எனினும் அதுவும் மாவுப் பொருளே. கேழ்வரகுக்கு அளவில்லை என்று எண்ணி உருண்டைமேல் உருண்டை உண்டால், இரத்தத்தில் சர்க்கரை ஏறவே செய்யும். திருமலை லட்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு சிட்டிகை உண்டால் போதும். பிரசாதத்திற்கு அது குறைவாகாது.

வேளை தவறாத அளவுணவு, நாள்தோறும் நடை, மாலையில் பாதங்களில் புண் உண்டா எனப் பார்த்தல் ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொள்வோம். மருத்துவர் தந்த மருந்தை நாமாக நிறுத்துதல் மட்டும் ஆகாது.