குடிபெயரும் கணக்குகள்

2019 நவம்பர் முதல் வாரத்தில், இந்தியாவின் ட்விட்டர் பயனர்கள் ஆயிரக்கணக்கில் மாஸ்டடான் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது உடனடிக் காரணம். நாஜி வணக்கம் செலுத்தும் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு மனிதர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற பழைய புகைப்படத்தை அவர் தன் கணக்கின் முகப்பில் வைத்திருந்தார். பாசிசத்தை மறுத்த ஒருவரின் படத்தை வெறுப்புப் படம் என்று கருதி ட்விட்டர் நடவடிக்கை எடுத்தது. கணக்கு திரும்பக் கிடைத்த பிறகு, கோரக் பாண்டேயின் இந்திக் கவிதை ஒன்றைப் பகிர்ந்திருந்ததற்காக மீண்டும் முடக்கப்பட்டது. சாதிய வசவுகளைப் பற்றி எத்தனை புகார் கொடுத்தாலும் அசையாத நிறுவனம் இதற்கு மட்டும் விரைகிறதே என்ற ஆத்திரம் தலித் செயற்பாட்டாளர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மாஸ்டடானுக்குப் போனவர்களில் பலர் சில வாரங்களில் ட்விட்டருக்கே திரும்பிவிட்டார்கள். சமூக ஊடகத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஆளைக் கிளப்பிவிடக் கோபம் போதும். புதிய இடத்தில் அவரைத் தங்கவைப்பவை கூட வந்த கூட்டமும், கையோடு கொண்டுவர முடிந்த உறவுகளும்தான். அதனால் மாற்றுத் தளம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நாளை இங்கிருந்து கிளம்ப நேர்ந்தால் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போக முடியும் என்பதே.

இதற்குத் தெளிவான சான்று லைவ்ஜர்னல். 1999-இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிய இந்த நாட்குறிப்புத் தளத்தில் புனைவு எழுதும் ரசிகர் குழுக்கள் ஆயிரக்கணக்கில் வேரூன்றியிருந்தன. 2005-இல் அது வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2007 மே மாத இறுதியில், குழந்தைகள் பாதுகாப்பைக் காரணம் காட்டி, சுமார் 500 கணக்குகள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டன. விருப்பப் பட்டியலில் இருந்த சொற்களை வைத்துச் செய்த நீக்கம் அது. யார் எதற்காக எழுதினார்கள் என்று பார்க்கவில்லை. பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களின் ஆதரவுக் குழுக்களும் அதில் அடிபட்டன. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் போன நம்பிக்கை வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் தளம் ஒரு ரஷ்ய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. லைவ்ஜர்னலில் முன்பு வேலை பார்த்த இருவர் 2009-இல் டிரீம்வித் என்ற தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். லைவ்ஜர்னலின் நிரல் அப்போது திறந்த மூலமாக இருந்ததால் அதையே எடுத்துத் திருத்தினார்கள். விளம்பரமே வாங்குவதில்லை, கட்டணக் கணக்குகளின் வருமானத்தில் நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தார்கள். பழைய தளத்தில் எழுதிய பதிவுகளை, அவற்றின் கீழே நண்பர்கள் போட்ட மறுமொழிகளோடு சேர்த்து, அப்படியே இறக்கிக்கொள்ளும் கருவியைக் கட்டினார்கள். பத்தாண்டு உரையாடல் கூடவே வந்துவிடும் என்றால் வீடு மாறுவதில் இழப்பு குறைவு. 2017-இல் லைவ்ஜர்னல் ரஷ்யச் சட்டத்துக்கு ஏற்பப் புதிய நிபந்தனைகளை விதித்தபோது அடுத்த அலை கிளம்பி அதே வழியாக வந்து சேர்ந்தது. டிரீம்வித் இன்றும் நடக்கிறது. பெரிதாகவும் இல்லை, பணக்கார நிறுவனமும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஆர்குட்டும் கூவும் நிற்கின்றன. 2004-இல் கூகுள் தொடங்கிய ஆர்குட்டுக்குப் பிரேசிலிலும் இந்தியாவிலும்தான் கூட்டம் அதிகம். 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. படங்களையும் ஸ்கிராப்புகளையும் தரவிறக்கிக்கொள்ளக் கால அவகாசம் தந்தார்கள். ஆனால் தரவிறக்கிய கோப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேறு தளம் எதுவும் இல்லை. கையில் மிஞ்சியது ஒரு நினைவுப் பெட்டி. பெங்களூருவில் 2020-இல் தொடங்கிய கூ, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் எழுதுவதற்கென்றே உருவானது. 2021 பிப்ரவரியில், விவசாயிகள் போராட்டக் கணக்குகளை முடக்குவது தொடர்பாக மத்திய அரசுக்கும் ட்விட்டருக்கும் இடையே மோதல் முற்றியபோது, அமைச்சர்களும் அரசுத் துறைகளும் கூவுக்கு வந்தார்கள். அரசின் ஆதரவும் முதலீட்டாளர் பணமும் இருந்தும், வேறு நிறுவனங்களோடு நடத்திய பேச்சு கைகூடாமல் 2024 ஜூலையில் அது மூடும் அறிவிப்பை வெளியிட்டது. உள்ளூர் நிறுவனம், தாய்மொழி இடைமுகம் என்ற இரண்டும் நல்ல காரணங்கள்தான். வாசல் பூட்டப்படும் நாளில் அவை இரண்டும் பயனருக்கு உதவவில்லை.

வெளியேறும் வழியை முதலிலேயே கட்டி வைக்க வேண்டும் என்று நினைத்தவர்களும் முன்பே இருந்தார்கள். மான்ட்ரியலில் இவான் புரோட்ரோமூ 2008-இல் ஐடென்டிகா என்ற தளத்தைத் தொடங்கினார். பார்வைக்கு ட்விட்டர் போல இருந்தாலும், அதே மென்பொருளை யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவி மற்ற சர்வர்களோடு பேசலாம். 2010-இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் டயாஸ்போரா என்ற இதே வகைத் தளத்துக்காக 10,000 டாலர் கேட்டார்கள். மக்கள் தந்தது இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். எதிர்பார்ப்பின் சுமையே அதை அழுத்தியது என்பது என் எண்ணம். இந்த மரபில் வந்தவர் ஜெர்மனியின் யூஜென் ரோச்கோ. 2016-இல் அவர் வெளியிட்ட மாஸ்டடான் பல சர்வர்களின் கூட்டமைப்பு. ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் தரநிலையாக ஏற்றது. 2019 அக்டோபரில் வந்த 3.0 பதிப்பில், சர்வர் மாறினால் பின்தொடர்பவர்களும் தானாகவே புதிய முகவரிக்கு வந்து சேரும் வசதி சேர்ந்தது. இந்தியாவில் 2011-இல் எண் மாறாமல் செல்பேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை வந்ததோடு இதை ஒப்பிடலாம். அந்த உரிமை வந்தபின் வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பேச்சின் தொனியே மாறியது.

இத்தகைய உரிமை எவ்வளவு மதிப்புள்ளது என்பதை ட்விட்டரே நிரூபித்தது. 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு அதை வாங்கிய பிறகு, மாஸ்டடானில் மாதந்தோறும் புழங்குவோர் எண்ணிக்கை டிசம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 25 லட்சத்தைத் தொட்டது. டிசம்பர் 15 அன்று மாஸ்டடானின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. மாஸ்டடான் இணைப்புகளைப் பகிரவும் தடை வந்தது. 18ஆம் தேதி, பயனர்கள் தங்கள் முகநூல், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் முகவரிகளை விளம்பரப்படுத்தக் கூடாது என்று விதியே போட்டார்கள். கண்டனம் பெருகியதும் அந்த விதி விரைவிலேயே நீக்கப்பட்டது. ட்விட்டர் நண்பர்கள் எந்த சர்வரில் இருக்கிறார்கள் என்று தேடித் தந்த சிறு கருவிகள் ட்விட்டரின் இலவசத் தரவு அணுகலை நம்பியிருந்தன. 2023 பிப்ரவரியில் அந்த அணுகலை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. வெறும் இணைப்பைத் தடுக்க இவ்வளவு பாடுபட்டதே போதும், நிறுவனங்களின் உண்மையான சொத்து நம் நட்பு வட்டம்தான் என்பதைப் புரிந்துகொள்ள.

அப்படியானால் அந்த 25 லட்சம் ஒரே மாதத்தில் 18 லட்சமாகக் குறைந்தது ஏன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்த சர்வரில் சேருவது என்ற முதல் கேள்வியிலேயே பலர் களைத்துப் போனார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தெரிந்த முகம் தென்படவில்லை. ஆனால் எல்லோரும் பழைய இடத்தில்தான் இருக்கிறார்கள் என்பது மாற முடியாத விதி இல்லை. 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி, எக்ஸ் என்று பெயர் மாறியிருந்த ட்விட்டரைத் தடை செய்ததும், சில நாட்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புளூஸ்கை என்ற மாற்றுத் தளத்தில் சேர்ந்தார்கள். ஒரு துறையினரின் பட்டியலைத் தொகுத்து, அதில் உள்ள அனைவரையும் ஒரே சொடுக்கில் பின்தொடரும் வசதியை அந்தத் தளம் அதே ஆண்டு ஜூனில் கொண்டுவந்திருந்தது. இப்படி வட்டத்தோடு நகர்கிறவர்கள் புது இடத்தில் நிலைக்கிறார்கள். தனியாகப் போகிறவர்தான் திரும்பி வருகிறார். திறந்த தளத்தில் விஷமிகளும் நுழைவார்களே என்பது இன்னொரு மறுப்பு. 2019-இல் தீவிர வலதுசாரிகளின் காப் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கே மாறியது. மற்ற சர்வர்கள் ஒவ்வொன்றாக அதைத் தடுத்ததால் அது தனித்தீவாக நின்றது.

சிறிய சர்வரும் சாகும் என்ற மறுப்புதான் மூன்றிலும் வலுவானது. 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தான் அரசு தன் நாட்டு டொமைனின் கீழ் இருந்த முகவரி ஒன்றை முடக்கியதால் ஒரு மாஸ்டடான் சர்வர் ஒரே நாளில் முகவரி இழந்தது. பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் பின்தொடர்பவர்களுக்குப் புதிய முகவரியைச் சொல்லி அனுப்ப முடியும். முகவரியே போனபின் அந்த வழியும் அடைபட்டது. ஆகவே சேருமுன் சர்வரின் அறிமுகப் பக்கத்தை ஒருமுறை வாசிப்பது வீண் வேலை ஆகாது. மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற ஒரு சர்வர் நான்கு உறுதிகளைத் தர வேண்டும்: தினசரி நகலெடுப்பு, அவசரத்தில் உள்ளே வரக்கூடிய இன்னொருவர், வெறுப்புப் பேச்சுக்கு எதிரான கண்காணிப்பு, மூடுவதானால் மூன்று மாத முன்னறிவிப்பு. ரோச்கோ தொடங்கிய மாஸ்டடான் டாட் சோஷியல் சர்வரின் விதிகளில் இனவெறியோடு சாதியமும் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டிருக்கிறது. இந்தியர்களுக்கு இது சிறிய விஷயமில்லை. இவ்வளவு இருந்தும், சர்வர் மாறும்போது மாஸ்டடானில் பழைய பதிவுகள் கூட வருவதில்லை; டிரீம்வித் 2009-இல் செய்ததை அது இன்னும் எட்டவில்லை. புளூஸ்கையின் நெறிமுறை பதிவுகளையும் சேர்த்து நகர்த்த அனுமதிக்கிறது. ஆனால் அங்கே மிகப் பெரும்பாலோரின் கணக்குகள் அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. அந்த நிறுவனமும் முதலீட்டாளர் பணத்தில்தான் நடக்கிறது.