மயிலாடிக்குத் திரும்பியவர்

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் எப்போது வந்தது என்று கேட்டால், 1806இல் ரிங்கல்தௌபே வந்தபோது என்று சொல்லிவிடுகிறோம். பாடப்புத்தகம், திருச்சபையின் நூற்றாண்டு மலர், மேடைப்பேச்சு எல்லாவற்றிலும் அதே ஆண்டு, அதே பெயர். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1799இல், மயிலாடியில் ஒரு சாம்பவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்தியவர் மகாராசன் என்ற வேதமாணிக்கம்.

சைவப் பற்றுமிக்க மகாராசன் சிதம்பரத்துக்குத் தலயாத்திரை போனார். எவ்வளவு பக்தியோடு போனாலும் கோயிலுக்கு வெளியே நின்றுதான் கும்பிட முடியும். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஒரு தேவாலயத்தைக் கண்டார். சுவார்ட்ஸ் ஐயர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது; கோலாப் ஐயர் பொறுப்பில் இருந்தார். மகாராசன் உள்ளே போனார், கேட்டார், ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அந்தத் தஞ்சைச் சபையிலும் வெள்ளாளர் ஒரு பக்கம், நம்மவர் ஒரு பக்கம் என்றே உட்கார்ந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. பிஷப் வில்சன் 1833இல் சாதியைக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியதும், தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபையை விட்டு வெளியேறியவர்கள் சாதிக் கிறிஸ்தவர்கள்தாம். ஆனாலும் வேதமாணிக்கத்துக்கு அது உள்ளே இடம் கிடைத்த முதல் ஆலயம்.

என்னை யோசிக்கவைப்பது அடுத்து நடந்ததுதான். அவர் தஞ்சையிலேயே தங்கியிருக்கலாம். அங்கே பாதிரிமார் இருந்தார்கள், கும்பினியின் நிழல் இருந்தது. திருவிதாங்கூரில் என்ன இருந்தது? பொதுவழியில் நடக்கத் தடை, குடை பிடிக்கத் தடை, பெண்கள் மாராப்பு போடத் தடை, கூலியில்லா ஊழியம், அடிமை முறை. (அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்.) அந்த ஊருக்குத்தான் அவர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திரும்பி நடந்தார். உறவினர் சிலர் அவரோடு சேர்ந்தார்கள், சிலர் பகைத்தார்கள். நிலமுடையவர்கள் துன்புறுத்தினார்கள். தாங்க முடியாமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு தஞ்சைக்கே குடிபெயர்ந்துவிடலாமா என்று கேட்க மறுபடி கிழக்கே போனார். அந்த அலைச்சலில்தான் தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே அவர் ஊருக்கு வரச் சம்மதித்தார். மிஷனெரி சபையைத் தேடி வரவில்லை. சபைதான் மிஷனெரியைத் தேடிப் போயிற்று.

வந்த ரிங்கல்தௌபேக்கு ஒரு சந்தேகம்: இந்த மக்கள் ஆன்ம இரட்சிப்புக்காக வருகிறார்களா, வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்க வருகிறார்களா? இந்தக் கேள்வியை இன்றுவரை நம்மிடம் கேட்கிறார்கள், கேட்பவர்களின் நிறம்தான் மாறியிருக்கிறது. முதுகில் அடி விழாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையை விசுவாசத்தில் சேராத ஆசை என்று யார் தீர்மானித்தது? எகிப்திலிருந்து புறப்பட்டவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதாக வேதத்தில் இல்லை. லாபக் கணக்குத்தான் காரணம் என்றால், அடி மட்டுமே வரவாக இருந்த 1799 முதல் 1806 வரையிலான ஏழு ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

மயிலாடியில் ஆலயம் கட்டத் திவான் வேலுத்தம்பி அனுமதி தரவில்லை. அவருடைய கலகம் முறியடிக்கப்பட்டு, அவர் இறந்த பின்பு, ரெசிடெண்டு மெக்காலேயின் செல்வாக்கில் 1809இல் ஆலயம் எழுந்தது. வேலுத்தம்பி தேசிய வீரராகவும் மெக்காலே கும்பினிக்காரராகவும் வரலாற்றில் நிற்கிறார்கள். இரண்டும் உண்மை. மயிலாடி சாம்பவருக்கு அந்த ஆண்டு வேறு அர்த்தம் இருந்தது என்பதும் உண்மை. ஒரே ஆண்டை எல்லோரும் ஒரே மாதிரி நினைவுகூர வேண்டும் என்று நம்மிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

1816இல் உடல் நலிந்து ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போனார். போகும்போது சபைகளை வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டார். 1818இல் மீட் ஐயர் வந்து பொறுப்பேற்கும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே வெள்ளைக்காரப் பாதிரி எவரும் இல்லை. சபை கலையவில்லை. மீட் வந்தபின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறியது. அச்சகம், பள்ளிகள் என்று பணி பெருகியது. வேதமாணிக்கம் பழையபடி உபதேசியார் ஆனார். 1827இல் காலமானார்.

மயிலாடி ஆலயத்தின் பெயரில் இன்று இரண்டு பேரும் இருக்கிறார்கள். ரிங்கல்தௌபே முதலில், வேதமாணிக்கம் இரண்டாவதாக.