ஆணை எட்டும் தூரம்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

பிரெஞ்சு மொழியில் புறநகருக்கு ‘பான்லியூ’ என்று பெயர். இது இரண்டு சொற்கள் சேர்ந்தது. ‘பான்’ என்றால் பிரபுவின் ஆணை. ‘லியூ’ என்பது பழைய தூர அளவு, ஏறத்தாழ 4 கிலோமீட்டர். ஆக, நகரத்துக்கு வெளியே பிரபுவின் ஆணை செல்லுபடியாகிற தூரம் வரை உள்ள நிலம்தான் பான்லியூ. அங்கே இருப்பவன் நகரவாசி அல்ல, ஆனால் நகரத்துக்குக் கட்டுப்பட்டவன்!

பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் கிளிஷி-சூ-புவா என்று ஒரு புறநகர் இருக்கிறது. 2005 அக்டோபர் 27 அன்று போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்ததும், பிரான்ஸ் முழுக்கக் கலவரம் மூண்டதும் அங்கிருந்துதான். அப்போது அந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. தலைநகரின் காலடியில் இருந்துகொண்டே பாரிஸ் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ட்ராம் வண்டி வந்து சேர்ந்தது 2019 டிசம்பரில்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2019 நவம்பர் 26 அன்று, தமிழ்நாட்டின் 34-வது மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றும் இல்லைதான். ஆனால் கள்ளக்குறிச்சியின் வரலாற்றை ‘ஆணை எவ்வளவு தூரம் எட்டியது’ என்ற அளவுகோலை வைத்துப் படித்தால் பல விஷயங்கள் பிடிபடுகின்றன.

முதலில் பெயரைப் பார்ப்போம். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊர்களுக்கு இலக்கண நூல்கள் சொல்லும் பெயர். மலையடிவாரத்து ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. மேற்கே கல்வராயன் மலை. அதிலிருந்து இறங்கும் கோமுகி ஆறு. கச்சிராயபாளையத்தில் அதற்கு 46 அடி அணை. கிழக்கே சமவெளி. சேலத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற எவரும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். படைகளும் அப்படித்தான் போயின.

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே அதே சாலையில் உள்ள தியாகதுருகத்தின் மலைக்கோட்டையை இன்று பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாறைக்கு இருந்த கிராக்கியே வேறு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறி அதற்காக அடித்துக்கொண்டார்கள். 1760-ல் புதுச்சேரி முற்றுகைக்கு ஆளாகப் போகிற நேரத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். அதற்குக் கொடுத்த விலைகளில் ஒன்று இந்தக் கோட்டை. மைசூர்ப் படை வந்தது, சில மாதங்களில் திரும்பியும் போய்விட்டது. கோட்டை மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி விழுந்தது. அடுத்த மாதமே தியாகதுருகம் ஆங்கில மேஜர் பிரஸ்டனிடம் சரணடைந்தது. செஞ்சி மட்டும் ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது.

புதுச்சேரியிலிருந்து பார்த்தால் தியாகதுருகம் அதன் மேற்கு எல்லைக் காவல். ஒருவகையில் அதுவும் ஒரு பான்லியூதான், கொஞ்சம் நீண்ட லியூ! அங்கிருந்தவர்களுக்கு ஆணை வந்தது, வரிகேட்டு ஆள் வந்தது, படை வந்தது. வேறு என்ன வந்தது? 1790-91-ல் திப்பு சுல்தான் இந்தக் கோட்டையைத் தாக்கினார். வந்தவாசியை முன்பு ஹைதரிடமிருந்து காத்த அதே பிளிண்ட் என்ற ஆங்கில அதிகாரிதான் இங்கேயும் இருந்தார். கோட்டை விழவில்லை. திப்பு அங்கிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிப் பக்கம் போய்ப் பிரெஞ்சு உதவி கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. சரித்திரப் புத்தகங்கள் கோட்டை விழவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. கோட்டைக்கு வெளியே இருந்த வயல்களின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னாற்காடு மாவட்டம் உருவானது. தலைநகர் கடலூர். கள்ளக்குறிச்சி அதன் மேற்குக் கோடியில் ஒரு தாலுகா. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: மாவட்டத்தின் ஒரு முனை கடல், மறுமுனை மலை. மலைப்பக்கத்து விவசாயி ஒரு மனுவோடு கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் மாவட்டத்தின் குறுக்களவு முழுவதையும் கடந்தாக வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு இப்படியே ஓடியது. 1993 செப்டம்பர் 30 அன்று மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தலைநகரானபோது தூரம் குறைந்தது, ஆனால் தீரவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சேலமும் ஏறத்தாழ அதே தூரம்தான். எனவே அரசாங்க வேலைக்குக் கிழக்கே, பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொள்முதலுக்கும் மேற்கே என்று இரண்டு பக்கமும் பஸ் ஏறுவது இந்த ஊரின் பழக்கமாகிவிட்டது.

ரயில்? ஊருக்கு வெளியே 16 கிலோமீட்டரில், சின்னசேலத்தில். சேலம் – விருத்தாசலம் பாதை கள்ளக்குறிச்சியைத் தொடாமல் தெற்கே ஒதுங்கிப் போய்விட்டது. அந்த 16 கிலோமீட்டருக்கு ஒரு கிளைப்பாதை போட அனுமதி கிடைத்து, பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது தனிக்கதை. ஆகவே ஊரின் உயிர்நாடி சாலைதான். உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலை நால்வழியானபோதும் ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலைகளை மட்டும் இருவழியாகவே விட்டார்கள். நான்கு வழியில் பறந்து வந்த வண்டி திடீரென்று இரண்டு வழிக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அந்த விபத்துகளில் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்தன.

அன்றாட வாழ்க்கை என்று எடுத்துக்கொண்டால் இது முழுக்க முழுக்க விவசாயச் சந்தை ஊர். நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி. கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இரண்டு, ஒன்று மூங்கில்துறைப்பட்டில், இன்னொன்று கச்சிராயபாளையத்தில். அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மரவள்ளியோ சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி விளைவது. அங்கே விலை இறங்கினால் சின்னசேலம் பக்கத்து வீடுகளில் அடுப்பு சுணங்கும். இவை போக மரச்சிற்பம். வாகை போன்ற மரங்களில் சாமி சிலைகளும் கோயில் வாகனங்களும் செதுக்குகிற குடும்பங்கள் இங்கே தலைமுறையாக இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து தம்மம்பட்டிக்கும் அது கிடைத்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். உண்மையில் இந்தக் கட்டுரையின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைக்கு வெள்ளிமலைதான் தலைமையிடம். சேலம் பக்கம் கருமந்துறை. அங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆளும் மக்கள் என்ற பொருளில் மலையாளிகள். தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலை ஏறியவர்கள் என்பது அவர்களிடம் வழங்கும் கதை. சாமை, தினை, மரவள்ளி, பலா, கடுக்காய், புளி, தேன் ஆகியவை அவர்களின் பொருளாதாரம்.

இந்த மலைக்கு நெடுங்காலம் அரசாங்கமே கிடையாது என்றால் நம்புவீர்களா? சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த மானியம் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. வெள்ளைக்காரன் காலத்திலும் மலை அவர்களிடமே இருந்தது. நிலத்தை அளந்து தீர்வை போடும் வழக்கம் அங்கே இல்லை. ஏருக்கு இவ்வளவு, மண்வெட்டிக்கு இவ்வளவு என்றுதான் வரி. கூலியில்லா வேலையும் உண்டு. 1947-ல் நாடு விடுதலையடைந்தது, 1950-ல் குடியரசானது. கீழே கள்ளக்குறிச்சியில் தேர்தல்கள் நடந்தன. மலையில் ஜாகிர் தொடர்ந்தது. 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது, வழக்குகளும் வந்தன. கடைசியில் 1976 ஜூன் 25 அன்றுதான் அரசு மலையைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. நெருக்கடி நிலை அறிவித்து அன்றோடு சரியாக ஓராண்டு! நாட்டில் எல்லோருடைய உரிமையும் பறிபோயிருந்த நாளில் இந்த மக்களுக்கு ஜாகிர் நுகத்தடி இறங்கியது. சரித்திரம் சில சமயம் இப்படித்தான் விளையாடுகிறது.

வாக்குரிமை அதற்கும் இருபது ஆண்டு கழித்து 1996-ல்தான் கிடைத்தது என்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. ஜாகிர் போனதும் நிலம் உழுதவனுக்கு வந்துவிடவில்லை. தலைமுறையாக உழுத நிலமாக இருந்தாலும் பட்டா இல்லாதவர்கள் ஏராளம். சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும். ஆக முன்பு ஆணையிட்டவர் கவுண்டர், பிறகு ரேஞ்சர். நிலமும் வேலையும் போதாமல் ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போனார்கள். சிலர் செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்தார்கள். மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சுவதும் ஒரு பிழைப்பாக இருந்தது. கல்வராயன் மலை என்றாலே செய்தித்தாளில் சாராய ஊறல் அழித்த படம்தான் வரும் என்ற நிலை.

அதனால்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் சாவுகள் தொடங்கியபோது பலர் மலையைக் கைகாட்டினார்கள். அது தவறான கை. கருணாபுரத்தில் விற்றது மலைச்சாராயம் அல்ல, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால். இறந்தவர்கள் 60 பேருக்கும் மேல், பெரும்பாலும் அன்றாடக் கூலிகள், பெண்களும் உண்டு. இங்கே தூரம் என்ற சமாதானமே சொல்ல முடியாது. மாவட்டத் தலைநகர் அந்த ஊரேதான். நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரத்தில்! கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் மனு சுமந்த காலத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தோரின் நம்பிக்கைக்கு, ஐந்தாண்டு நிறைவதற்குள் இப்படி ஒரு பதில். 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

இந்தச் சாவுகளை ஒட்டித்தான் உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. முதலமைச்சரோ, இயலாவிட்டால் அமைச்சரோ மலைக்கு நேரில் போய்ப் பார்க்கட்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். சாலை உண்டா, பள்ளி உண்டா, ரேஷன் கடை எவ்வளவு தூரம், ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்ற கேள்விகள் நீதிமன்றத்தில் எழுந்தன. சுதந்திரம் கிடைத்து 77-வது ஆண்டில், நோயாளியைத் துணித் தொட்டிலில் கட்டி மூங்கிலில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலை வரை இறங்கி நடக்கும் கிராமங்கள் அந்த மலையில் இருந்தன.