மோடி கட்டும் கப்பல் பட்டியலும்

உங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேர் என்ன? சட்டுன்னு சொல்ல முடிஞ்சா நீங்க கொடுத்து வச்சவர். எங்க வீட்டுல கொள்ளுத்தாத்தாவோட வண்டி நின்னுடும். அமாவாசைத் தர்ப்பணத்துல கூட மூணு தலைமுறைதான். அதுக்கு மேல வேணும்னா வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோசியர்தான் கதி (அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதிலை நாமளே சொல்லணும்ங்கிறது வேற விஷயம்).

அயர்லாந்துக்காரங்களைப் பாருங்க. 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகமே எரிந்து சாம்பலாகிவிட்டது. அப்படியும் ஞானஸ்நானப் பதிவேடு, நிலக்கணக்கு என்று நூலகம் நூலகமாக ஏறி இறங்கி பாட்டனைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவங்களுக்குக் குடும்பப் பெயர்னு ஒரு கயிறு இருக்கு, பிடிச்சுக்கிட்டே பின்னால போகலாம். நம்ம இனிஷியல் ஒரே தலைமுறையில் அறுந்துடும். தாத்தா பேரையே பேரனுக்கு வைக்கிற வழக்கம் வேற. கோவிந்தசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் கோவிந்தசாமின்னு போனா எந்தக் கோவிந்தசாமி எந்தக் காலம்னு யார் சொல்றது?

சரி, தஞ்சாவூர்ல எங்கே தேடலாம்? எல்லாரும் சொல்றது சரஸ்வதி மகால். நாயக்கர் காலத்தில் தொடங்கி, இரண்டாம் சரபோஜி (1798 - 1832) வளர்த்து, 1918-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நூலகம். நாற்பதாயிரத்துக்கும் மேல் சுவடிகள், பெரும்பாலும் சம்ஸ்கிருதம். ஆனா குடும்பம் தேடுறவனுக்கு அந்தச் சுவடிகளால பெரிய பிரயோஜனம் இல்லை. அவனுக்கு வேண்டியது மோடி ஆவணங்கள். (பிரதமருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க! மராத்தி மொழியை வேகமா எழுத, எழுத்தோட எழுத்தைச் சேர்த்து இழுத்து எழுதுற முறைக்கு மோடின்னு பேர்.) அரண்மனை அன்றாடக் கணக்குகள் அந்த எழுத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

பயந்துட வேண்டாம். தமிழ்ப் பல்கலைக்கழகம் இவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 1984-ல், கே.எம். வேங்கடராமையா இந்த ஆவணங்களையும் வைத்து மராட்டிய மன்னர் கால அரசியல், சமுதாய வாழ்க்கை பற்றிப் பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார். முதல்ல இதுகளைப் படிச்சிட்டு அப்புறம் கட்டுக்குப் போறதுதான் புத்திசாலித்தனம். யாருக்கு எத்தனை சக்கரம், எத்தனை பணம் கொடுத்தாங்க, சத்திரத்துக்கு என்ன செலவுன்னு போய்க்கிட்டே இருக்கும். வைத்தியர், நட்டுவனார், ஆடுகிற பெண்கள், சமையல்காரர் என்று சம்பளம் வாங்கியவர்கள் எல்லாம் அதில் வருவார்கள். ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம் மாதிரி இடங்களில் உங்க முன்னோர் வேலை பார்த்திருந்தால் யோகம்தான்.

ராஜா குடும்பத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. போன்ஸ்லே வம்ச சரித்திரத்தை 1803-ல் பெரிய கோயில் சுற்றாலையின் தென்மேற்குப் பக்கத்தில் மராத்தியில் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார் சரபோஜி. நாம அதைத் தாண்டிப் போய்ப் பிரசாதம் வாங்குறோம்.

காணி இருந்த குடும்பம்னா இன்னொரு வழி இருக்கு. பரண்ல கிடக்கிற டிரங்குப் பெட்டி. 1860-களில் பத்திரப் பதிவுச் சட்டம் வந்த பிறகு கிரயப் பத்திரத்தில் இன்ன ஊர், இன்னார் குமாரர் இன்னார்னு தெளிவா எழுதியிருப்பாங்க. ஒரு பத்திரம் கிடைச்சா ரெண்டு தலைமுறை லாபம். வருஷம் பசலியில் இருந்தால் 590-ஐக் கூட்டிக்குங்க. ஜூலையில் பிறக்கிற பசலி 1270 என்றால் 1860 - 61. இன்னிக்கும் ஜமாபந்தியில் ஓடுறது அதே கணக்குதான். நிலத்தை வேலி, மாவில் சொல்லியிருப்பார்கள்: இருபது மா ஒரு வேலி, ஏறக்குறைய ஆறரை ஏக்கர்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சம்பளமோ நிலமோ இருந்தவங்களுக்கு. அந்த நிலத்துல நாத்து நட்டவங்க, அறுத்தவங்க? டெல்டாவில் பாதிக் கதை அவங்களோடதுதானே? அவர்கள் பெயர் பழைய ஓலைகளில் வந்தால் பெரும்பாலும் ஆளோலையில், விற்கப்பட்ட சரக்காக வரும். அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு கிடையாது என்று 1843-ல் கும்பினி அரசு சட்டம் போட்டது. அதுக்கப்புறமும் பண்ணையாள் பண்ணையாளாத்தான் இருந்தார். பத்திரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது.

ஆனா அந்த ஆள்ல ஒருத்தர் ஊரை விட்டுக் கிளம்பிக் கப்பல் ஏறியிருந்தா நிலைமை வேற. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இப்படி நேட்டால் போனார்கள், நம்ம தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்தும்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். அக்கறையினால் இல்லைங்க, ஓடிப்போனா பிடிக்கணுமே! டர்பனில் காந்தி - லுத்துலி ஆவண மையம் என்று ஒன்று இருக்கிறது. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே இந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்க்கலாம். மொரீஷியஸ் போனவங்களுக்கு மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம்.

யோசிச்சுப் பார்த்தா வயித்தைப் பிசையுது. அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல தம்பி கப்பல் ஏறினார். அவரோட கொள்ளுப்பேரனுக்குத் தமிழ் தெரியாது, ஆனா கிராமம் பேர் கையில இருக்கு. அண்ணனோட கொள்ளுப்பேரன் அதே கிராமத்துல இருக்கார், அவர்கிட்ட ஒரு காகிதம் கிடையாது. ரெண்டு பேரும் சந்திச்சாதான் கதை முழுசாகும்.

அதில் ஒரே ஒரு இடைஞ்சல், ஊர்ப் பெயர். ஆங்கில எழுத்தில், எழுதினவர் காதுக்குக் கேட்டபடி. ல, ள, ழ மூன்றும் ஒன்று, ந, ண, ன மூன்றும் ஒன்று. குறில் நெடில் கிடையாது. அங்கே இருப்பவருக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். டவுன் பஸ் போர்டு படிச்சு வளர்ந்த நமக்கு அப்படி இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது அப்படி ஒரு பேரை வச்சுக்கிட்டு விசாரிச்சா விரட்டிடாதீங்க. அவர் சொல்ற தாலுகாவை மனசுல வச்சுக்கிட்டு, எழுத்தை மாத்தி மாத்திப் போட்டு, நாலு தரம் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. மங்கலமோ, குடியோ, நல்லூரோ, பாதி ஊர் வந்துடும்.