தகரப் புகைவண்டிகள்

1835-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், நீராவியால் இழுக்கப்பட்ட முதற் பயணிகள் வண்டி ஜெர்மானிய மண்ணில் ஓடிற்று. நூரம்பர்க் நகரிலிருந்து பக்கத்து ஊராகிய ஃபூர்த் வரையில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டரே அதன் பாதை. இயந்திரமும் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதை ஓட்டியவரும் ஆங்கிலேயரே. நூரம்பர்க்கோ பல நூற்றாண்டுகளாகப் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். தெருவில் கண்ட எதையும் கையளவாக்கி விற்றுவிடும் அவ்வூர்க் கைவினைஞர்கள், கண்ணெதிரே புகை கக்கி ஓடிய இப்புதுமையை விட்டுவைப்பார்களா? விரைவிலேயே சிறுவர்களின் கைகளிலும் புகைவண்டி உருளத் தொடங்கியது. தண்டவாளம் இல்லை, தரைதான் பாதை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்குத் 'தகரம்' என்னும் சொல் அடிக்கடி தொல்லை தருவதுண்டு. வெள்ளீயம் என்ற உலோகத்தையும் அகராதி தகரம் என்கிறது. கடைத்தெருவிலோ எண்ணெய் டின்னும் தகரம், கூரைத் தகடும் தகரம். பொம்மைக்குப் பயன்பட்டது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. கத்தரிக்கு இணங்கும், சுத்தியலுக்கு வளையும், பற்றவைப்பை எளிதில் ஏற்கும். பூச்சில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் மட்டும், அந்த இடத்தில் துரு குடியேறிவிடும்.

தகரப் புகைவண்டியின் சரித்திரத்தில் முதலிடம் பெறுவது கேப்பிங்கன் என்னும் சிற்றூர். 1859-இல் அங்கே தியோடோர் மார்க்லின் என்ற தகர வேலைக்காரர், பொம்மை வீடுகளுக்கான சமையற் பாத்திரங்களைச் செய்து விற்க முற்பட்டார். அவற்றை ஊர் ஊராக எடுத்துச் சென்று விலைபேசி விற்றவர் அவருடைய மனைவி கரோலின். பெண்கள் தனியே வியாபாரப் பயணம் மேற்கொள்வது அரிதாயிருந்த காலம் அது. 1866-இல் கணவர் இறந்த பின்னரும் அவ்வம்மையார் தளரவில்லை. அவருடைய மைந்தர்கள் 1891-இல் லைப்சிக் சந்தையில் காட்டிய பொருளே இத்தொழிலின் போக்கை மாற்றிற்று.

சாவி கொடுத்தால் ஓடும் வண்டி அது. ஆனால் வண்டியைவிடப் பாதையே முக்கியமானது. தண்டவாளங்களைத் துண்டு துண்டாக வாங்கி இணைத்துக் கொள்ளலாம். பாதையின் அகலங்களுக்கு எண்கள் இட்டு அளவு நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இந்த ஆண்டு ஒரு வட்டம், அடுத்த ஆண்டு ஒரு நிலையம், அதற்கடுத்த ஆண்டு ஒரு பாலம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். எந்நாளும் நிறைவு பெறாத பொம்மையை விற்பதில் உள்ள வியாபார நுட்பத்தை எண்ணி நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை. தந்தையரின் பணப்பைகள் என்ன பாடுபட்டிருக்கும்!

நூரம்பர்க்கின் பிங் சகோதரர்கள் இதே வழியில் இறங்கி, உலகின் மிகப் பெரிய பொம்மைத் தொழிற்சாலைகளுள் ஒன்றை அமைத்தனர். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில், இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரத்து வணிகர் பாசெட்-லோக், பிங் நிறுவனத்தாரின் வேலைத் திறனைக் கண்டார். அதன் பயனாக, ஜெர்மனியில் செய்த வண்டிகள் ஆங்கில ரயில்வேக்களின் வர்ணங்களைப் பூண்டு கப்பலேறின. குவாலியர் அரண்மனையில் விருந்தினருக்கு மதுக்குடுவைகளைச் சுமந்து மேசையைச் சுற்றிவரும் வெள்ளி ரயிலைச் செய்ததும் அந்தப் பாசெட்-லோக் நிறுவனமே. வெள்ளியாதலால் அது நம் தகரக் கதையில் சேராது.

1914-இல் யுத்தம் மூண்டது. ஜெர்மானியப் பொம்மைகள் இங்கிலாந்துக்கு வருவது நின்றது. யுத்தம் முடிந்தபின், லிவர்ப்பூலில் மெக்கானோ செய்துவந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிங் நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் மறைந்தது. யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பிங், நாஜி ஆட்சியில் நாட்டை விட்டே போக நேர்ந்தது. பின்னர் பிளாஸ்டிக் வந்தது. 1979-இல் லிவர்ப்பூல் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

தொழில் மங்கத் தொடங்கிய பின்னரே சேகரிப்போர் பெருகினர். அமெரிக்காவில் 1954-இலும், ஹார்ன்பி வண்டிகளுக்கென்று இங்கிலாந்தில் 1969-இலும் சங்கங்கள் தோன்றின. அவர்களிடையே இன்றும் ஓயாத வழக்கு ஒன்றுண்டு: பழைய வண்டிக்குப் புது வர்ணம் பூசலாமா, கூடாதா?

பூசக்கூடாது என்போர் பக்கமே நாம் இருக்கிறோம். வண்டிகளின் மேல் வர்ணம் இருவகையில் ஏறிற்று. ஒன்று, தூரிகையாலோ தெளிப்பானாலோ பூசிச் சூட்டில் உலர்த்தியது. மற்றொன்று, தகட்டின் மேலேயே அச்சிட்டது. 1875-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே தகட்டில் அச்சிடும் பொறிக்கு உரிமை பெற்ற பின்னர், சன்னல், திரை, ஆணித்தலை யாவும் அச்சிலேயே வந்துவிட்டன. முதல் வகையை வல்லவர் ஒருவர் திரும்பப் பூசிவிடலாம். அச்சு அழிந்தால் அழிந்ததுதான்.

இயந்திரத்தைச் சீர்செய்வது வேறு. அதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. முதலில் வில்லை முற்றும் தளரவிட வேண்டும். முறுக்கேறிய வில் கையைக் கிழித்துவிடும். பிசினாய் இறுகிய பழைய எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெயைத் துளித்துளியாக இட்டால், அறுபது எழுபது ஆண்டு உறங்கிய சக்கரங்கள் சுழலக் காணலாம். தகடுகளை இணைக்கும் நாக்குகளை நிமிர்த்துவதில்தான் நெஞ்சு பதைக்கும்: ஓரிரு முறைக்கு மேல் வளைத்தால் முறிந்துபோகும். 1930-களில் வந்த வார்ப்புச் சக்கரங்கள் சிலவற்றிற்கு மருந்தே இல்லை. துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டதால் அவை உள்ளிருந்தே வெடித்து உதிர்கின்றன; புதிதாக வார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

இவ்வளவும் அறியாத காலத்தில் நாமும் ஒரு வண்டி வாங்கினோம். தில்லியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருட் கடை ஒன்றில், துருப்பிடித்த சாவி இயந்திரம் ஒன்று, சாவியின்றிக் கிடந்தது. அன்று மாலையே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினோம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசி உடலுக்கு ஆகாது என்பதுகூட அப்போது நமக்குத் தெரியாது. பக்கவாட்டில் மூன்று எழுத்துகளா, இரண்டா என்று சரியாகப் பாராமலே தேய்த்தோம். பளபளப்பைக் கண்டு மகிழ்ந்தோம்.

நெடுநாள் கழித்தே அவ்வெழுத்துகளின் பொருள் விளங்கியது. பிங் நிறுவனத்தார் முதல் யுத்தகாலம் வரை 'ஜி.பி.என்.' என்றும், பின்னர் 'பி.டபிள்யூ.' என்றும் முத்திரை இட்டனர். அந்த முத்திரையே வண்டியின் பிறப்புச் சான்று. பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தோம். உப்புத்தாளுக்குத் தப்பியது 'பி' என்ற எழுத்தின் கீழ்ப்பாதி மட்டுமே. இரண்டு முத்திரையிலும் அவ்வெழுத்து உண்டு.