கல்வட்டங்கள் எழுப்பியோர் கருதியது

தமிழகத்தின் குன்றடிகளிலும் தரிசு மேடுகளிலும் உருண்டைப் பாறைகள் வட்டமாகச் சூழக் கிடக்கும் இடங்களை ஊர்மக்கள் பாண்டவர் குழி என்பர்; குள்ளர் வீடு என்பாரும் உளர். மாண்டவர் குழி என்பதே பாண்டவர் குழி எனத் திரிந்தது என்று விளக்குவாரும் உண்டு. சொல்லாராய்ச்சி அளவில் இவ்விளக்கம் ஐயத்திற்குரியதே. ஆயினும் பொருள் அளவில் அது பிழைபடவில்லை. 1819-இல் மலபார்ப் பகுதியில் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் இத்தகைய பாண்டுக்குழிகளை அகழ்ந்து பார்த்தார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளாக நடந்த அகழாய்வுகள் இவை பெரும்பாலும் ஈமச் சின்னங்களே என்பதை நிறுவியுள்ளன. இறந்தோரை அடக்கம் செய்யக் குழி ஒன்று போதுமாயிருக்க, இத்துணைப் பெருங்கற்களைப் புரட்டிக் கொணர்ந்து வட்டமிட்டது எதற்கு என்பதே ஆராய்தற்குரியது.

அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். நிலத்தைத் தோண்டி, நான்கு கற்பலகைகளை ஒன்றையொன்று அணைத்து நிற்குமாறு நிறுத்தி, மேலே மூடுகல் இடுவர். இதுவே பதுக்கை. ஒரு பலகையில் வட்டமான இடுதுளை இருப்பதும் உண்டு. உள்ளே கருப்புச் சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் வைக்கப்பட்டிருக்கும். பதுக்கையின் மேல் மண்ணும் கல்லும் குவித்து, அக்குவியலைச் சுற்றிப் பாறைகளை வட்டமாகப் பதிப்பர். குவியல் மழையில் கரைந்து சரியாமல் தடுக்கும் அணையாக வட்டம் பயன்பட்டது என்பது எளிய விளக்கம். அது ஒருபுறம் உண்மையே. ஆனால் அதற்குக் கைக்கடங்கிய கற்களே போதுமே! பல இடங்களில் ஆள் ஒருவரால் அசைக்கவும் இயலாத பாறைகளை ஏன் தேர்ந்தனர்?

கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன் எடையுள்ளது. இரண்டரை மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் 30 செ.மீ. கனமும் உள்ள ஒரு மூடுகல் நான்கு டன்னாகும். அதனைப் பெயர்த்து, இழுத்து, குழியின்மேல் ஏற்றுதல் ஒரு குடும்பத்தின் வேலையன்று; ஊர் திரண்டு செய்ய வேண்டிய வேலை. திரண்டு வந்தோர்க்குச் சோறும் கள்ளும் வேண்டும். ஆகவே ஒரு கல்வட்டம் எழுந்தது என்றால், அங்கே இறந்தோன் பொருட்டுப் பலரை வருவிக்கும் ஆற்றல் அவனுடைய சுற்றத்தாருக்கு இருந்தது என்பது பொருள்.

பல பதுக்கைகளில் கிடைப்பது முழு உடலன்று. வேறிடத்தில் கிடந்து தசை நீங்கியபின் தேர்ந்தெடுத்து இட்ட எலும்புகளே. இது பெரிதும் கருதத்தக்கது. இறந்த அன்றே அடக்கம் செய்ய வேண்டிய நெருக்கடி இல்லை. கல் உடைக்கவும் உறவினர் வந்து சேரவும் காலம் இருந்தது. எலும்புகள் காத்திருந்தன. அழுகை ஓய்ந்த பிறகு, ஆர அமர எடுக்கப்பட்ட விழாவின் விளைவே கல்வட்டம்.

இறப்புச் சடங்கிற்குக் கல்வட்டம் இன்றியமையாததோ எனின், அன்று. 114 ஏக்கர் பரப்புள்ள ஆதிச்சநல்லூரில் தாழிகள் செறிந்து கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி வட்டங்கள் இல்லை. மணிமேகலை இறந்தோரை அடக்கும் முறைகள் ஐந்தைக் கூறுகிறது. இவற்றுள் எதற்கும் மேலே தெரியும் வட்டம் வேண்டும் என்பது கட்டாயமன்று. எனவே வட்டம் இறந்தோர்க்காக மட்டும் எழுந்ததன்று. வழியே செல்வோர் காண்பதற்காகவும் எழுந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணல் இதற்கு நல்ல சான்று. பதிற்றுப்பத்துக் குறிப்பிடும் கொடுமணம் இதுவே என்பர். மேலைக் கடற்கரையினின்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர்க்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் அது. மணிகள் கடைந்தும் இரும்பு உருக்கியும் வாழ்ந்த ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு நடத்திய அகழாய்வுகளில், ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. தொலைவிலிருந்து வந்த கல்லை உழைத்து மணியாக்கி, விற்காமல் மண்ணுள் வைத்து மூடுதல் பெருஞ்செல்வர்க்கே இயலும். அவர்கள் வாழ்ந்த மண்வீடுகள் கரைந்தன, கல்வட்டங்கள் நின்றன. இந்நிலம் எம் முன்னோர் துயிலும் இடம், ஆகவே எமது என்று வழிவருவோர்க்கு அறிவிக்க, அழியாத கல்லினும் தக்கது வேறில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் பெருங்கல் வட்டங்கள் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹென்ஜ் வட்டத்துப் பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டவை. கோடை நெடும்பகலின் ஞாயிற்றெழுச்சியை நோக்கி அது அமைந்துள்ளது. அங்கும் எரித்த எலும்புகள் புதைக்கப்பட்டுள்ளன. அதன் நடுவேயுள்ள பலிபீடக்கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதியினின்று வந்தது என 2024-இல் அறியப்பட்டது. இவ்வொப்புமை கண்டு இரண்டையும் ஒரே மரபாக்கிப் பெருமை பேசுதல் ஆய்வாகாது. காலத்தாலும் பயனாலும் இரண்டும் வேறு. அவ்வட்டத்தை எழுப்பியோர் ஒரு சொல்லும் விட்டுச் செல்லவில்லை. தமிழகத்திலோ பெருங்கல் மரபு முற்றும் மறையுமுன்னரே பாடல்கள் எழுந்துவிட்டன.

ஆயினும் பாடல்களை அளவறிந்தே சான்றாக்க வேண்டும். தாழியையும் பதுக்கையையும் நடுகல்லையும் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. கல்வட்டத்தின் அமைப்பை அவை விரித்துரைக்கவில்லை. அகநானூற்றுப் பதுக்கைகள் பாலைவழியில் ஆறலைகள்வர் அம்புக்கு இரையான வழிப்போக்கர்மேல் குவிக்கப்பட்டவை. செல்வர்தம் கல்லறைகள் அல்ல. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். சில கல்லறைகளில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கலந்து கிடப்பதை ஆய்வறிக்கைகள் எண்ணிக்கையாகவே குறிக்கின்றன. அவ்வெண்ணிக்கைக்குப் பின்னே நின்ற மனம் எத்தகையது என்பதை அப்பாடல் ஒன்றே காட்டுகிறது.

கல்வட்டம் இறந்தோன் பெருமையைச் சொல்லும்; பெயரைச் சொல்லாது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்களோ, அளவில் சிறியனவாயினும் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் வீழ்ந்தவனுக்கு எடுக்கப்பட்டது. எழுத்து வந்தபின் நான்கு டன் மூடுகல் தேவைப்படவில்லை. சிறிய கல்லில் இரண்டு மூன்று வரிகள் போதுமாயின. வட்டமிடும் வழக்கம் உடனே நின்றுவிடவில்லை, கி.பி. தொடக்க நூற்றாண்டுகள் வரை ஆங்காங்கே தொடர்ந்து, பின்னரே மறைந்தது. எஞ்சியவற்றுள் பலவற்றைக் கல்லுடைப்போர் சல்லியாக்கிவிட்டனர். வேறு பல வயல்வரப்பில் இன்றும் கிடக்கின்றன.